சீமைமாதுளையும் அசையாப் பொருள் ஓவியமும்

ஐரோப்பிய ஓவியங்களில் பழம் கண்ணில் பட்டவுடன் அதற்கு ஒரு பொருள் சொல்லிவிடும் பழக்கம் உண்டு. ஆப்பிள் என்றால் ஆதிப்பாவம், திராட்சை என்றால் கிறிஸ்துவின் இரத்தம், மாதுளை என்றால் உயிர்த்தெழுதல், சீமைமாதுளை என்றால் திருமணமும் மகப்பேறும். குறியீட்டு அகராதிகள் இந்தப் பட்டியலைத் தருகின்றன. கலை வரலாறு படிக்கும் மாணவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஓவியத்தின் முன் நிற்கிறார்கள். பழத்தின் பெயர் தெரிந்ததும் பொருளும் தெரிந்துவிடுகிறது. படத்தைப் பார்க்கும் வேலை அதோடு முடிந்துவிடுகிறது.

இக்கட்டுரை அந்தப் பட்டியலிலிருந்து சீமைமாதுளையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பண்டைய கிரேக்க, ரோமானிய மரபில் இப்பழத்துக்கு இருந்த இடம் உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அசையாப் பொருள் ஓவியத்தின் நல்ல படைப்புகளில் சீமைமாதுளை அங்கே இருப்பதற்குக் காரணம் அதன் குறியீட்டுப் பொருள் அல்ல, அந்தப் பழத்தின் இயல்பே என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. அது பிந்திப் பழுக்கும், பச்சையாகத் தின்ன முடியாது, நெடுநாள் தாங்கும். ஓவியனுக்கு இந்த மூன்றும் முக்கியம்.

பழமும் பெயரும்

ஆங்கிலத்தில் குவின்ஸ் எனப்படும் இப்பழத்தைத் தமிழில் சீமைமாதுளை அல்லது சீமைமாதளை என்பர். பெயர்தான் மாதுளை, மாதுளைக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. ஆப்பிள், பேரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. காக்கேசியப் பகுதியும் வட ஈரானும் இதன் தாயகம். காஷ்மீரிலும் விளைகிறது. யுனானி மருந்துக் கடைகளில் 'பெஹ்தானா' என்ற பெயரில் கிடைக்கும் வழவழப்பான விதைகள் இப்பழத்தினுடையவை.

வடிவம் பேரிக்காயைப் போன்றது. ஆனால் ஒழுங்கற்றது, புடைப்பும் பள்ளமும் உள்ளது. இளம் காயின் மேல் சாம்பல் நிறப் பூம்பஞ்சு படர்ந்திருக்கும். விரலால் தேய்த்தால் அது உதிர்ந்து உள்ளே மஞ்சள் தோல் பளிச்சிடும். சதை கெட்டியானது, துவர்ப்பது. மணமோ ஓர் அறையை நிறைக்கும். நெடுநேரம் வேகவைத்தால் துவர்ப்பு போய்ச் சதை இளஞ்சிவப்பாக மாறும். ஸ்பெயினில் இதைச் சர்க்கரையோடு கிளறிக் கட்டியாக்கிப் பாலாடைக்கட்டியோடு உண்கிறார்கள்.

பெயரின் வரலாறு குழப்பம் நிறைந்தது. கிரேக்கர்கள் இதைக் கிரீட் தீவின் கிடோனியா நகரத்தோடு சேர்த்துக் 'கிடோனிய மேலோன்' என்றார்கள். கிடோனியா இன்றைய கானியா நகரம். 'மேலோன்' என்ற சொல்லை நாம் ஆப்பிள் என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் கிரேக்கத்தில் அது உருண்டையான, சதைப்பற்றுள்ள பல மரப்பழங்களுக்குப் பொதுவான சொல். ஆப்பிள், சீமைமாதுளை, பீச், பின்னாளில் கிடாரம் போன்ற எலுமிச்சை இனம் எல்லாமே அடைமொழியோடு மேலோன்தான். ஆகவே கிரேக்கக் கதைகளில் வரும் ஆப்பிள்கள் எல்லாம் நாம் கடையில் வாங்கும் ஆப்பிள்கள் அல்ல. ஹெஸ்பெரிடஸ் கன்னியர் காத்த பொன் ஆப்பிள்கள், அஃப்ரோதித்திக்குப் பாரிஸ் கொடுத்த ஆப்பிள் ஆகியவை சீமைமாதுளைகளே என்று சொல்வோர் உண்டு. பொன் நிறம், மணம், அஃப்ரோதித்தியோடு உள்ள தொடர்பு ஆகியவை அதற்குச் சாதகமானவை. ஆனாலும் அதை உறுதியான முடிவாக எழுதுவது சரியல்ல. தமிழில் கிரேக்கக் கதைகளைச் சொல்பவர்கள் 'ஆப்பிள்' என்று எழுதும்போது, அந்தச் சொல் மூலத்தில் இவ்வளவு அகலமானது என்பதை ஓர் அடிக்குறிப்பாவது சொன்னால் நல்லது.

இந்தப் பெயர்க் குழப்பத்தின் ஒரு கிளை இந்தியா வரை வந்திருக்கிறது. போர்ச்சுக்கீசிய மொழியில் சீமைமாதுளைக்கு 'மார்மெலோ' என்று பெயர். அதைக் கிளறிச் செய்த பண்டம் 'மார்மெலாடா'. இன்று ஆரஞ்சில் செய்யும் மார்மலேடுக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். இந்தியாவுக்கு வந்த போர்ச்சுக்கீசியர் மஞ்சள் நிறமும் மணமும் கடினமும் உடைய வில்வப் பழத்தைப் பார்த்துத் தம் ஊர்ப் பழத்தை நினைத்து, வங்காளத்து மார்மெலோ என்றார்கள். லின்னேயஸ் 1753இல் வில்வத்துக்குப் பெயரிட்டபோது 'மார்மெலோஸ்' என்பதைச் சேர்த்தார். 1800இல் போர்ச்சுக்கீசியத் தாவரவியலாளர் கொரேயா ட செர்ரா அதை 'ஏகிள்' என்ற பேரினத்தில் வைத்தார். ஏகிள் என்பது ஹெஸ்பெரிடஸ் கன்னியருள் ஒருத்தியின் பெயர். சிவன் கோயில் பிரகாரத்தில் தகரப் பலகையில் 'ஏகிள் மார்மெலோஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிரேக்கத் தோட்டத்துக் காவல்காரியும் ஒரு போர்ச்சுக்கீசிய மிட்டாய்ப் பழமும் சேர்ந்துதான் அந்தப் பெயர். தாவரவியல்படி இரண்டுக்கும் உறவில்லை. சீமைமாதுளை ரோஜாக் குடும்பம், வில்வம் எலுமிச்சைக் குடும்பம்.

மணவறைக்கு முன் ஒரு கடி

சீமைமாதுளையைத் திருமணத்தோடு சேர்க்கும் மரபுக்கு முதன்மையான சான்று புளூட்டார்க். ஏதென்ஸின் சட்டமியற்றிய சோலோன், மணமகள் மணவறைக்குள் செல்லும் முன் சீமைமாதுளையைக் கடித்துத் தின்ன வேண்டும் என்று விதித்ததாக அவர் ஒன்றுக்கு மேற்பட்ட நூல்களில் சொல்கிறார். காரணத்தையும் அவரே தருகிறார்: கணவனோடு பேசும் முதல் பேச்சு இனிதாக, நறுமணத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காக.

இதைவிடப் பழைய சான்றுகளும் உண்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஸ்டெசிகோரஸின் எஞ்சிய துணுக்கு ஒன்றில், திருமணத் தேரின் மேல் மக்கள் பூக்களோடு கிடோனியப் பழங்களையும் வீசுகிறார்கள். அகோன்டியஸ், கிடிப்பே என்னும் காதலர் கதையில், 'அகோன்டியஸை மணப்பேன் என்று ஆர்த்தெமிஸ் மேல் ஆணை' என்ற பொருள்பட எழுதிய பழம் ஒன்று கோயிலில் கிடிப்பேயின் அருகே உருட்டிவிடப்படுகிறது. அவள் அதை எடுத்து வாய்விட்டுப் படித்ததால் ஆணைக்குக் கட்டுப்பட்டுவிடுகிறாள். பிற்கால எழுத்தாளர் அரிஸ்டைனடஸ் சொல்லும் வடிவத்தில் அப்பழம் சீமைமாதுளை. கதைக்கு இது பொருத்தம்தான். கெட்டியான, வழுவழுப்பான தோலுள்ள பழத்தில்தான் எழுத்தைக் கீற முடியும். அத்திப் பழத்தில் முடியாது.

புளூட்டார்க் சொன்ன காரணத்தைக் குறியீட்டு அகராதிகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 'சீமைமாதுளை: வளமை' என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்கின்றன. ஆனால் அவர் சொல்வது வளமையைப் பற்றி அல்ல, வாயைப் பற்றி. துவர்ப்பான, மணமுள்ள பழத்தைக் கடித்தால் மூச்சு மணக்கும். வெற்றிலை போடும் பழக்கம் உள்ள நமக்கு இது புரியக் கடினமானதல்ல. வெற்றிலை மங்கலப் பொருள். அதே நேரத்தில் அது வாயை மணக்கச் செய்யும் இலையும்தான். முதலாவது இரண்டாவதை அழித்துவிடவில்லை. சீமைமாதுளையின் பண்டைய பொருளும் அப்படி நாவிலும் மூக்கிலும் தொடங்கியது.

மூத்த பிளினி இதை இன்னும் தெளிவாக்குகிறார். 'இயற்கை வரலாறு' நூலின் 15ஆம் புத்தகத்தில் சீமைமாதுளை மரத்தைப் பற்றி அவர் முதலில் கவனிப்பது எடையை. பழங்கள் கிளைகளை வளைத்துக் கீழே இழுக்கின்றன, தாய்மரத்தை வளரவிடுவதில்லை என்கிறார். பெரிய மனிதர்கள் வந்தவர்களை வரவேற்கும் அறைகளில் இப்பழங்களை வைத்ததையும், படுக்கையறைச் சிலைகள் மேல் வைத்ததையும் குறிப்பிடுகிறார். மணத்துக்காகத்தான். அபிகியஸின் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூல் இப்பழத்தைக் கெடாமல் வைக்கும் முறையைச் சொல்கிறது. பழுதில்லாத பழங்களைக் கிளைத்துணுக்கோடும் இலையோடும் எடுத்து, தேனும் காய்ச்சிய திராட்சைச் சாறும் ஊற்றிய பாத்திரத்தில் மூழ்க வைக்க வேண்டுமாம். எடை, மணம், தாங்கும் திறன் என்று ரோமானியர்களின் கவனம் முழுவதும் பொருளின் மேலேயே இருக்கிறது.

பின்னாளில் இது மாறியது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சட்டப் பேராசிரியர் ஆல்சியாத்தோவின் புகழ்பெற்ற சின்னப் புத்தகத்தில் சீமைமாதுளைக்கு ஒரு பக்கம் கிடைத்தது. மரத்தின் படம், சோலோன் அதை மணமக்களுக்கு விதித்தார் என்ற செய்தி, சில வரிச் செய்யுள். அந்தப் பக்கத்தில் பழத்துக்கு எடை இல்லை. நம் கையில் உள்ள பட்டியல்களின் மூதாதை இத்தகைய நூல்களே. மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் இப்படி நேரடியாகக் குறியீடாக வந்த சீமைமாதுளைகள் இருக்கின்றன. அவற்றை அப்படித்தான் படிக்க வேண்டும். எல்லாச் சீமைமாதுளைகளையும் அப்படிப் படிக்கும்போதுதான் சிக்கல்.

சுவரிலும் கூடையிலும்

பழங்களை மட்டுமே பொருளாகக் கொண்ட ஓவியம் பண்டைக் காலத்திலேயே இருந்தது. கிரேக்கச் செல்வர்கள் தம் வீட்டு விருந்தினருக்குக் கோழி, முட்டை, காய்கறி, பழங்களை அனுப்புவது வழக்கம் என்றும், அவற்றை வரைந்த படங்களுக்கும் 'க்ஸெனியா', அதாவது விருந்தினர்க்கான கொடை என்றே பெயர் வந்தது என்றும் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். ஆக இந்த ஓவிய வகையின் முதல் பெயரே விருந்தோம்பலைச் சுட்டுவது. பின்னாளில் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் 'இறந்த இயற்கை' என்று பெயர் மாறியது வருந்தத்தக்கது.

ரோமானியச் சுவர்களில் சீமைமாதுளை மிக அழகாக அமைந்திருப்பது ஓர் அசையாப் பொருள் ஓவியத்தில் அல்ல. அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு ரோம் நகருக்கு வெளியே பிரீமா போர்த்தா என்னும் இடத்தில் இருந்த மாளிகையில், ஓர் அறையின் நான்கு சுவர்களையும் தோட்டமாகவே தீட்டியிருந்தார்கள். 1863இல் அகழ்ந்து எடுக்கப்பட்ட அந்த ஓவியம் இப்போது ரோமில் மாஸ்ஸிமோ மாளிகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீமைமாதுளை மரங்களும் மாதுளை மரங்களும் பழுத்து நிற்கின்றன. அவற்றின் அடியில் வசந்தகாலப் பூக்கள். பருவங்கள் எல்லாம் ஒரே நேரத்தில். இலையுதிர்காலப் பழத்துக்கு அங்கே இலையுதிர்காலமே கிடையாது. என்றும் மாறாத செழிப்பு என்னும் அரசியல் பிரசாரம் அதற்குள் இருப்பதாக அறிஞர்கள் சொல்வதை ஏற்கலாம். ஆனால் அந்தப் பழங்கள் காற்றில் கொஞ்சம் சாய்ந்து, பறவைகளால் கொத்தப்படும் நிலையில் இருப்பதைப் பார்க்கும்போது, வரைந்தவர்கள் தோட்டத்தில் நின்று பார்த்தவர்கள் என்பது உறுதிப்படுகிறது.

காரவாஜ்ஜோவின் 'பழக்கூடை' (மிலானின் அம்ப்ரோசியானா காட்சிக்கூடம், ஏறத்தாழ 1597-1600) நேர் எதிரானது. பிரம்புக் கூடை ஒன்று மேடையின் விளிம்பைத் தாண்டிச் சிறிது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இலையுதிர்காலப் பழங்கள். ஆப்பிளில் புழுத்துளை இருக்கிறது, அத்தி வெடித்திருக்கிறது, திராட்சை இலைகள் வாடிச் சுருள்கின்றன. பழங்களையும் நோய்களையும் தோட்டக்கலை நோக்கில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜூல்ஸ் ஜானிக், அதில் ஒரு சீமைமாதுளை இருப்பதையும், அது பழுதில்லாமல் இருப்பதையும், அதனோடு சேர்ந்த இலையில் மட்டும் பூஞ்சைப் புள்ளிகள் இருப்பதையும் எடுத்துக் காட்டினார். வழக்கமான விளக்கம் இந்தக் கூடையை மனித வாழ்வின் நிலையாமை என்று படிக்கிறது. அது தவறில்லை. ஆனால் அந்த விளக்கம் கூடையை ஒரே நேரத்தில் அழியும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறது. காரவாஜ்ஜோ வரைந்தது அப்படி அல்ல. அத்திக்கு ஒருநாள், ஆப்பிளுக்குச் சில வாரம், சீமைமாதுளைக்கு இன்னும் நெடுநாள். ஒவ்வொரு பழமும் தன் தன் வேகத்தில் கெடுகிறது. ஒரே கூடையில் பல கடிகாரங்கள். இந்த வேறுபாட்டைக் கவனித்ததில்தான் இருக்கிறது படத்தின் துல்லியம். 'நிலையாமை' என்ற ஒரு சொல் அதை மழுங்கடித்துவிடுகிறது.

டோலேடோவின் கறுப்புச் சாளரம்

சீமைமாதுளை ஓவியங்களில் தலைசிறந்தது ஹுவான் சான்செஸ் கோத்தான் ஏறத்தாழ 1602இல் வரைந்த 'சீமைமாதுளை, முட்டைக்கோஸ், முலாம்பழம், வெள்ளரி' என்பது என் கருத்து. இப்போது சான் டியாகோ கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலமுடைய சிறிய துணிச்சீலை. சாம்பல் நிறக் கல் சட்டம் ஒன்று, அதற்குப் பின்னால் முழுக் கறுப்பு. இடது மேற்புறத்தில் ஒரு நூலில் சீமைமாதுளை தொங்குகிறது. அதற்குச் சற்றுத் தாழ்வாக இன்னொரு நூலில் முட்டைக்கோஸ். கீழே விளிம்பில் வெட்டிய முலாம்பழமும் அதன் கீற்றும். வலது கோடியில் வெள்ளரி விளிம்பைத் தாண்டி நம்மை நோக்கி நீள்கிறது. ஐந்தும் சேர்ந்து மேலிருந்து கீழே இறங்கும் ஒரு வளைகோடு. வலது மேற்புறம் வெறும் இருள். நூல்கள் எதில் கட்டப்பட்டுள்ளன என்பது தெரியாது. படத்தின் மேல் விளிம்புக்கு அப்பால் போய்விடுகின்றன.

இந்தப் படத்தைப் பற்றிய விவாதம் ஓவியரின் வாழ்க்கையால் திசைமாறியிருக்கிறது. டோலேடோ நகரில் ஓவியராக வாழ்ந்த சான்செஸ் கோத்தான் 1603இல் அதை விட்டுப் புறப்பட்டு, கிரானடாவில் கார்த்தூசிய மடத்தில் துறவுச் சகோதரராகச் சேர்ந்தார். கார்த்தூசியர்கள் மௌனம் காப்பவர்கள், இறைச்சி உண்ணாதவர்கள். ஆகவே கறுப்புப் பின்னணி தியானமாகிறது. காய்கறிகள் நோன்பு உணவாகின்றன. சீமைமாதுளை ஏதேனும் ஒரு தெய்வீகப் பொருளைப் பெறுகிறது. நார்மன் பிரைசன் 1990இல் வெளியிட்ட நூலில் செய்த வாசிப்பு இவற்றில் நுட்பமானது. உலகத்தார் பொருட்படுத்தாத சில்லறைப் பொருள்களின் மேல் கூர்ந்த கவனத்தைச் செலுத்துவது கண்ணுக்கு ஒரு பயிற்சி என்று அவர் கொள்கிறார். அதுவும் துறவையே துணைக்கு அழைக்கிறது.

ஆனால் படம் துறவுக்கு முந்தியது. அப்போது அவர் நகரத்தில் வாடிக்கையாளர்களுக்கு வரைந்து கொடுத்துப் பிழைத்த நாற்பது வயது கடந்த தொழில் ஓவியர். மேலும் சிகாகோ கலைக்கூடத்தில் அவருடைய இன்னொரு படம் இருக்கிறது. இதே சாளரம், இதே காய்கனிகள், ஏறக்குறைய இதே இடங்கள். கூடுதலாக வேட்டைப் பறவைகள் தொங்குகின்றன. நோன்பு வாதம் அந்தப் பறவைகளிடம் தோற்றுப்போகிறது. ஒரே அமைப்பைப் பட்டறையில் வைத்துக்கொண்டு, கேட்டவருக்குக் கேட்டபடி கூட்டியும் குறைத்தும் வரைந்த கைவினைஞரைத்தான் இரண்டு படங்களும் சேர்ந்து காட்டுகின்றன.

அப்படியானால் நூல் எதற்கு? உணவுப் பொருள்களைக் குளிர்ந்த உக்கிராண அறையில் ஒன்றோடொன்று படாமல் தொங்கவிடுவது அக்கால ஸ்பெயினில் வழக்கம். தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் பழம் முதலில் அழுகும். நம் ஊரில் வாழைத்தாரைக் கொடியில் தொங்கவிடுவதும் வெங்காயத்தைப் பிணைத்துக் கட்டுவதும் இதற்காகத்தான். அசையாப் பொருள் ஓவியத்துக்கு ஸ்பானியத்தில் வழங்கும் 'போதெகோன்' என்ற சொல்லே நிலவறை, உணவுக்கிடங்கு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஆகவே நூல் ஒரு சேமிப்புக் கருவி. அதை எடுத்துக்கொண்டு ஓவியர் வேறொன்று செய்திருக்கிறார். நூலில் தொங்கும் பொருளை எல்லாப் பக்கமும் ஒளி சூழ்கிறது; அதன் எடை கண்ணுக்குத் தெரிகிறது. மேசை மேல் கிடக்கும் சீமைமாதுளைக்கு எடை இருப்பது தெரியாது. பிளினி கிளையின் வளைவில் கண்ட எடையைச் சான்செஸ் கோத்தான் நூலின் நேர்கோட்டில் காட்டுகிறார்.

காலமும் அதில் இருக்கிறது. வெட்டிய முலாம்பழம் இன்றைக்கே தின்னப்பட வேண்டியது. வெள்ளரிக்குச் சில நாள். கோஸ் இன்னும் கொஞ்சம் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விட நெடுநாள் தாங்கக்கூடிய சீமைமாதுளை. வளைகோட்டின் மேலிருந்து கீழே வரவர வாழ்நாள் குறைகிறது. ஓவியர் இதைத் திட்டமிட்டாரா என்று நிறுவ முடியாது. ஆனால் உக்கிராணத்தில் பழகிய எந்த வீட்டுக்காரரும் அந்த வரிசையை ஒரு பார்வையில் படித்திருப்பார்: கீழே இருப்பதை முதலில் எடு, மேலே இருப்பது கார்த்திகை மார்கழிக்கு. திருமணமும் மகப்பேறும் இங்கே எந்த வேலையும் செய்யவில்லை.

இதே நூற்றாண்டில் சுர்பரான் வரைந்த சீமைமாதுளைத் தட்டு ஒன்று பார்சிலோனாவில் கத்தலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. பெரிய ஓவியத்திலிருந்து வெட்டப்பட்ட துண்டு என்று கருதப்படுகிறது. வெள்ளைத் துணி, தட்டு, சில பழங்கள். அருமையான பழங்கள், ஆனால் முழுப்படம் கைக்குக் கிடைக்காத நிலையில் அதன் பொருளைப் பற்றி அதிகம் பேசுவதற்கு இல்லை.

மஞ்சள்

வான் கோ பாரிஸில் தம் தம்பி தியோவோடு இருந்த 1887இல் வரைந்த 'சீமைமாதுளை, எலுமிச்சை, பேரி, திராட்சை' ஆம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தியோவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. பழங்கள் மஞ்சள், துணி மஞ்சள், பின்னணி மஞ்சள். போதாதென்று மரச்சட்டத்திலும் வான் கோ தாமே மஞ்சள் தீட்டியிருக்கிறார். பார்க்கப் பரவசமூட்டும் படம். ஆனால் சீமைமாதுளையைத் தேடுபவருக்கு ஏமாற்றமே. எது சீமைமாதுளை, எது பேரி என்று தலைப்பின் துணையின்றிச் சொல்வது கடினம். பழத்தின் கனமும் பஞ்சும் போய்விட்டன. நிறம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது மஞ்சள். கிடைத்த மஞ்சள் பொருள்களில் ஒன்று சீமைமாதுளை.

மாட்ரிட், 1990

சீமைமாதுளையை மறுபடி ஒரு பழமாக எடுத்துக்கொண்டவர் ஸ்பானிய ஓவியர் அந்தோனியோ லோப்பஸ் கார்சியா. 1936இல் தோமெல்யோசோ என்ற ஊரில் பிறந்தவர். அவர் தம் மாட்ரிட் வீட்டுப் பின்புறத்தில் தாமே நட்ட சீமைமாதுளை மரத்தை 1990 இலையுதிர்காலத்தில் வரைய முயன்றதை இயக்குநர் விக்டர் எரிசே படமாக்கினார். 1992இல் வெளியான 'எல் சோல் தெல் மெம்ப்ரில்யோ', அதாவது 'சீமைமாதுளைச் சூரியன்', கான் திரைப்பட விழாவில் நடுவர் குழு விருது பெற்றது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அடிக்கும் இளவெயிலை ஸ்பெயினில் மக்கள் இப்படிச் சொல்வதுண்டு.

படம் செப்டம்பர் 29, சனிக்கிழமை தொடங்குகிறது. லோப்பஸ் துணிச்சீலையைத் தாமே சட்டத்தில் அறைகிறார். தாம் நிற்கும் இடம் மாறாதிருக்கக் கால் வைக்கும் இடத்தில் தரையில் ஆணி அடிக்கிறார். மரத்தின் நடுவே தூக்குக்குண்டு தொங்கவிட்டு, குறுக்கே ஒரு நூல் கட்டுகிறார். பிறகு பழங்கள் மேலும் இலைகள் மேலும் வெள்ளை வண்ணத்தால் சிறு கோடுகள் போடுகிறார். நாளாக ஆகப் பழம் கனத்துக் கிளை தாழும். எவ்வளவு தாழ்ந்தது என்பதை அந்தக் கோடுகள் சொல்லும்; தாழ்ந்த அளவுக்கு ஓவியத்திலும் அவர் பழத்தை இறக்க வேண்டும். பழங்கள் கிளைகளை வளைத்துக் கீழே இழுக்கின்றன என்று பிளினி ஒரே வாக்கியத்தில் சொல்லிப் போனதை இவர் மில்லிமீட்டரில் அளக்கிறார்.

மழை வருகிறது. மரத்தின் மேல் பிளாஸ்டிக் கூடாரம் போடுகிறார்கள். வேண்டிய வெயில் சில நிமிடங்களே கிடைக்கிறது. சில நாள் கிடைப்பதே இல்லை. கடைசியில் வண்ண ஓவியத்தைக் கைவிட்டு அதை நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெயில் இல்லாமலும் வரையக்கூடிய பென்சில் சித்திரத்தைத் தொடங்குகிறார். அதற்கும் காலம் போதவில்லை. பழங்கள் விழத் தொடங்குகின்றன. டிசம்பரில் எஞ்சியவற்றைப் பறிக்கிறார். வீட்டில் வேலை செய்யும் போலந்துத் தொழிலாளர்கள் ஒன்றை அறுத்துத் தின்று பார்க்கிறார்கள்.

இதை ஒரு தோல்வியின் கதை என்று சில விமர்சகர்கள் எழுதுவதுண்டு. அது மேலோட்டமானது. லோப்பஸுக்குப் பழத்தைப் பறித்து மேசை மேல் வைத்து வரைவது எளிது. சீமைமாதுளை மாதக்கணக்கில் காத்திருக்கும் பழம். ஐரோப்பிய மரபு முழுவதும் அதைத்தான் செய்தது. அவர் மறுப்பது அதையே. மரத்தோடு சேர்ந்துதான் வரைவேன் என்கிறார். தம் ஓவியத்தை விட மரத்தின் அருகே இருப்பது முக்கியம் என்ற பொருள்படத் தம்மைப் பார்க்க வந்தவர்களிடம் பேசவும் செய்கிறார். பறித்த பழத்துக்கு மனிதனின் உக்கிராணக் காலம். மரத்துப் பழத்துக்கு மரத்தின் காலம். முதலாவதைச் சான்செஸ் கோத்தான் நூலில் கட்டி நிறுத்தினார். இரண்டாவதை நிறுத்த முடியாது என்று தெரிந்தே லோப்பஸ் தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார். இரண்டு படங்களிலும் இருளின் முன் அல்லது வெளிச்சத்தின் முன் நேராக இறங்கும் ஒரு நூல் இருப்பது தற்செயலாக இருக்கலாம்.

எரிசே படத்தின் கடைசிப் பகுதியில் லோப்பஸ் கட்டிலில் படுத்திருக்கிறார். அவருடைய மனைவியும் ஓவியருமான மரியா மொரேனோ அவரை வரைந்துகொண்டிருக்கிறார். அவர் அப்படியே தூங்கிவிடுகிறார். கனவில் பிறந்த ஊர். அங்கே ஒருபோதும் வளர்ந்திராத சீமைமாதுளை மரங்கள் நிற்கின்றன. பெற்றோரும் வேறு சிலரும் அவற்றினிடையே இருக்கிறார்கள். பழங்கள் அழுகத் தொடங்கியிருப்பதை வேறு யாரும் கவனிக்கவில்லை. வெளியே தோட்டத்தில் கேமரா தானே ஆளில்லாமல் ஒரு விளக்கின் கீழ் தரையில் கிடக்கும் பழங்களைப் படம்பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு வசந்தம். பழங்கள் சுருங்கிக் கறுத்துத் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. மேலே கிளையில் புதிய பிஞ்சுகள்.